கட்டுமரம், ஃபைபர், குட்டி யானை: பழவேற்காட்டுக்காரங்க வண்டி வாங்கின வரலாறு

கார் வாங்கப் போற மனுஷனைப் பார்த்திருக்கீங்களா? மூணு மாசத்துக்கு அவர்கிட்ட வேற பேச்சே பேச முடியாது. மைலேஜ் எவ்ளோ, டிக்கியில எத்தனை பெட்டி வைக்கலாம், சின்னக் காரா எஸ்.யூ.வி.யா, டீசலா பெட்ரோலா, வித்தா என்ன விலைக்குப் போகும்... ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஒரு கட்டம் போட்டு ரொப்பிக்கிட்டே இருப்பார். கடைசியில தங்கமணி சொன்ன கலர்ல, மச்சான் வெச்சிருக்கிற அதே வண்டியை வாங்கிட்டு வருவார் :-)

கேலியை விடுங்க. அந்தக் கட்டம் ரொம்ப பெரிய விஷயம். ஒரு குடும்பத்தோட பத்து வருஷ சேமிப்பு அதுக்குள்ள உக்காந்திருக்கு. ஆனா கட்டத்துல எந்தெந்த பத்தி இருக்கணும்னு யார் முடிவு பண்றாங்க? விக்கிறவனா, வாங்குறவனா, இல்ல நடுவுல நிக்கிறவனா?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சென்னைக்கு வடக்கே ஒரு அறுபது கிலோமீட்டர்ல, பழவேற்காட்டுக் குப்பங்கள்ல கிடைக்கும். அங்க வண்டின்னா முதல்ல படகு. படகு, எஞ்சின், வலை எல்லாம் சேர்த்தா நம்ம ஆளு வாங்குற காரோட விலையை எட்டும். நமக்குக் கார் தப்பாப் போனா ஆட்டோ பிடிச்சு ஆபீஸ் போகலாம். அவங்களுக்குப் படகு தப்பாப் போனா அடுப்பு எரியாது. அதனால அவங்க ஒப்பிட்டுப் பார்த்த வரலாறு நம்ம கட்டத்தைவிட ரொம்பக் கறாரானது. அதுல ஒரு பத்தி உண்டு, எந்த ஷோரூம் நோட்டீஸ்லயும் பார்க்க முடியாது: வெறுங்கையோட திரும்புற நாளுக்கு என்ன செலவு? இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு பத்தியைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். டீ போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

வண்டிக்கு முன்னாடி ரோடு

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுலயே ரெண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, தெற்கு ஓரம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாப் படுத்திருக்கு. பரப்பு பெருசே தவிர ஆழம் கிடையாது. சராசரியா ஒரு மீட்டர்னு வெச்சுக்கலாம். பல இடத்துல ஆள் இறங்கி நடக்கலாம். தெற்கே ஒரு முகத்துவாரம். மழைக்காலத்துல வெள்ளம் அதைத் திறந்து விடும், கோடையில மணல் வந்து அடைக்கும்.

ஆக, இங்க ரெண்டு ரோடு. ஒண்ணு முழங்கால் தண்ணி, சேறு, சலனமில்லாத ஏரி. இன்னொண்ணு கரையிலேயே அலை உடையிற திறந்த கடல். லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் மாதிரி ஊர்கள் கடலைப் பார்த்து உக்காந்திருக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஏரியை நம்பி இருக்கிற ஊர்கள். கார்க்காரங்க கிரவுண்ட் கிளியரன்ஸ்னு சொல்றாங்க பாருங்க, அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. அதை இங்க தலைகீழா கேட்கணும்: படகு தண்ணிக்குள்ள எவ்வளவு முழுகும்? அரை அடி கூடினாலும் முகத்துவாரத்துல தட்டி நிக்கும்.

பெரிய வண்டி கரைக்கு வராது

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். 17ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல டச்சுக்காரங்க பழவேற்காட்டுக்கு வந்தாங்க. 1613ல கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690ல நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்க தலைமையிடம் இதுதான். இங்கேருந்து போன துணிமணி ஜாவா வரைக்கும் வித்துச்சு. அந்தக் காலத்து உலகத்துல டச்சுக் கப்பல்னா அதுதான் உச்சம். சரக்கு ஏத்துறதுலயும் தூரம் போறதுலயும் அதை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அந்த உச்சக் கப்பல் பழவேற்காட்டுக் கரையைத் தொட முடியாது! ஆழமான தண்ணியில தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கும் மனுஷனும் கரை சேர உள்ளூர்க்காரன் தயவு வேணும். அதுக்கு ரெண்டு வண்டி இருந்துச்சு. ஒண்ணு மசூலா படகு: ஆணியே அடிக்காம, பலகைகளைத் தேங்கா நார்க் கயிறால தைச்சது. அலை தூக்கித் தரையில அடிச்சா ஆணி அடிச்ச படகு பிளந்துடும், தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். இன்னொண்ணு நம்ம கட்டுமரம். வில்லியம் டாம்பியர்ங்கிற ஆங்கிலேயக் கடலோடி 1697ல வந்த தன்னோட பயணப் புத்தகத்துல கட்டுமரத்தைப் பத்தி எழுதினார். 'கட்டமரான்'னு ஆங்கிலத்துக்குப் போனது நம்ம சொல்லு. இன்னைக்குப் பணக்காரங்க ஓட்டுற ரெட்டை உடம்பு உல்லாசப் படகுக்கும் அதே பேர்தான்.

சென்னை மாகாண மீன்துறையில இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920ல இந்தியப் படகுகளோட அமைப்பைப் பத்தி ஒரு பெரிய ஆய்வு எழுதினார். கரைக்குக் கரை படகு ஏன் மாறுதுன்னு ஊர் ஊரா பார்த்து எழுதின மனுஷன். அந்தக் கண்ணோட கட்டுமரத்தைப் பார்த்தா அதைக் 'காட்டுமிராண்டித்தனமான வண்டி'ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இப்ப அதுக்கு நாமளே ஒரு ஷோரூம் நோட்டீஸ் எழுதிப் பார்ப்போமா?

உடம்பு: லேசான மரக்கட்டைகள், சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினது. முழுகுற வாய்ப்பு: கிட்டத்தட்ட இல்ல, தண்ணி ஏறினா கட்டை இடுக்கு வழியா அதுவே இறங்கிடும், இறைக்க வேண்டாம். கவுந்தா: திருப்பிப் போட்டு ஏறி உக்காரலாம். பார்க்கிங்: கரைக்கு வந்ததும் கட்டைப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டையா தூக்கிட்டுப் போய் மணல்ல காயப் போடணும், ஈரம் குடிச்ச மரம் கனத்துடும். ஆள்: ரெண்டு, மூணு பேர். எரிபொருள்: துடுப்பு, பாய், தோள்பட்டை.

குறை? நிறைய. வேகம் கிடையாது. நிறைய வலை ஏத்த முடியாது. நாள் முழுக்க இடுப்பு வரைக்கும் உப்புத் தண்ணி. காத்து எதிர்த்தா கரை சேர சாயங்காலம் ஆகும். இதையெல்லாம் மறைச்சு 'அந்தக் காலம் பொற்காலம்'னு ஜல்லியடிக்க எனக்கு விருப்பமில்ல. ஆனா அந்தப் புதுப் பத்தியைப் பாருங்க. மீன் கிடைக்கலைன்னா கட்டுமரத்துக்கு என்ன நஷ்டம்? ஒரு நாள் உழைப்பு. கையை விட்டுக் காசு போகாது. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்.

சரக்கு வண்டி: கால்வாயா, லாரியா?

படகு பிடிச்ச மீன் ஊருக்குள்ள போகணும். அங்கயும் ஒரு ஒப்பீடு நடந்துச்சு.

1806ல சென்னையிலேருந்து எண்ணூருக்கு கொக்ரேன் கால்வாய்னு ஒண்ணு வெட்டினாங்க. அது வடக்கே பழவேற்காடு ஏரி வரைக்கும் நீண்டுச்சு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல, பஞ்ச நிவாரண வேலையா அடையாறையும் கூவத்தையும் சேர்த்து வெட்டினாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு பேர்ல 1878லேருந்து அது பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே காக்கிநாடா பக்கம் வரைக்கும் தண்ணி வழி. நெல்லு, உப்பு, விறகு, சிப்பி எல்லாம் ஏரியைக் கடந்து சென்னைக்கு வந்துச்சு. படகைக் கரையிலேருந்து கயிறு கட்டி இழுப்பாங்க, கழி ஊன்றித் தள்ளுவாங்க, காத்து இருந்தா பாய் விரிப்பாங்க.

விறகுக்கு அவசரம் இல்ல, உப்பு கெட்டுப்போகாது. கால்வாய் அதுக்குச் சரி. இறால் அப்படி இல்லையே! ஐஸும் ரோடும் வந்ததும் மீன் லாரி, வேன் பக்கம் போயிடுச்சு. 1965, 1966 புயல்கள்ல கால்வாய் சிதைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் பெருசா யாரும் சீர்படுத்தல. கால்வாய் படகைவிட லாரி பல மடங்கு வேகம். ஆனா கால்வாய்ல படகு ஒரு நாள் நின்னா படகுக்காரன் கூலி மட்டும் போகும். லாரி ஒரு நாள் நின்னா கடன் தவணையும் சேர்ந்து போகும். வேகமான வண்டி எல்லாத்துக்கும் இந்தக் குணம் உண்டு. ஓடுறப்ப சம்பாதிச்சுத் தரும், நிக்கிறப்ப கேட்கும்.

நார்வேக்காரனும் மாருதியும்

சுதந்திரத்துக்கு அப்புறம் அரசாங்கத்துக்கு ஒரே எண்ணம்: எஞ்சின் வைக்கணும். 1953ல கேரளாவுல நீண்டகரை பக்கம் இந்திய-நார்வே திட்டம் ஆரம்பிச்சுது. அப்புறம் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இறால் ஏற்றுமதி சூடு பிடிக்க, இழுவை மடி போடுற விசைப்படகுகள் பெருகிச்சு. சென்னையில காசிமேடு அதுக்குத் தலைநகரம். பழவேற்காட்டுல அந்தப் படகைக் கட்டி நிறுத்த துறைமுகமும் கிடையாது, முகத்துவாரத்துல அது நுழையற ஆழமும் கிடையாது. ஆனா அது கரையோரம் வந்து கட்டுமரக்காரன் வலையை அறுத்துட்டுப் போகலாமே! தமிழ்நாட்டுக் கரை முழுக்க இந்தச் சண்டை நடந்துச்சு. 1983ல தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலேருந்து 3 கடல் மைலுக்குள்ள விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாதுன்னு கோடு போட்டுச்சு.

அதே சமயத்துல சென்னையில இன்னொரு முயற்சி. 1979ல ஐ.நா. உணவு வேளாண் அமைப்போட வங்காள விரிகுடாத் திட்டம் ஸ்வீடன் பண உதவியோட ஆரம்பிச்சுது. துறைமுகம் இல்லாத, அலை உடையிற மணல் கரையில ஏத்தி இறக்கற மாதிரி ஒரு எஞ்சின் படகு வேணும்னு யோசிச்சாங்க. ஓய்விந்த் குல்பிராண்ட்சென்ங்கிற நார்வே படகு வடிவமைப்பாளர் அதுல முக்கியமானவர். கரையைத் தொடும்போது எஞ்சினோட தண்டையும் விசிறியையும் மேலே தூக்கிக்கிற மாதிரி எல்லாம் செஞ்சு, கடல்ல ஓட்டிப் பார்த்தாங்க. இதைத்தான் ஒழுங்கான 'டெஸ்ட் டிரைவ்'னு சொல்லணும்.

1986ல குல்பிராண்ட்சென் சின்னப் படகுகளோட எரிபொருள் செலவைக் குறைக்கிறது எப்படின்னு ஒரு அறிக்கை எழுதினார். வண்டி வாங்குற எல்லாருக்கும் பிடிக்கும். விஷயம் இதுதான்: தண்ணியைக் கிழிச்சுட்டுப் போற ஒவ்வொரு படகுக்கும் அதோட நீளத்துக்கு ஏத்த ஒரு இயல்பான வேகம் உண்டு. தண்ணிக்கோட்டுல 7 மீட்டர் நீளம்னா சுமார் 6.4 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அதை நெருங்க நெருங்க, தன் மூக்கு எழுப்புன அலை மேல தானே ஏறப் பார்க்குற மாதிரி ஆயிடும். அதுக்கு மேல கொஞ்சம் வேகம் கூட்ட ஏகப்பட்ட எண்ணெய் எரிக்கணும். ஆகவே கைக்காசு போடாம எண்ணெய் மிச்சம் பிடிக்க ஒரே வழி, கொஞ்சம் மெதுவா போறது. அடுத்தது எஞ்சின் தேர்வு: மண்ணெண்ணெயில ஓடுற பழைய டூ ஸ்ட்ரோக் வெளிப்பொருத்து எஞ்சின் குடிக்கிறதுல கிட்டத்தட்ட பாதியில டீசல் எஞ்சின் அதே வேலையைச் செஞ்சுடும்.

கரைக்காரங்க நிபுணர் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கல. விலை அதிகம்னு பட்டுச்சு. ஃபைபர் உடம்பு நல்லாருக்குன்னு அதை மட்டும் எடுத்துக்கிட்டு, அளவைத் தங்களுக்கு ஏத்தபடி மாத்திக்கிட்டாங்க. எஞ்சினுக்கு சிலர் வெளிப்பொருத்து வெச்சாங்க, சிலர் லம்பார்டினி மாதிரி லேசான டீசல் எஞ்சினை நீளத் தண்டோட மாட்டினாங்க. இந்த நீளத் தண்டு இருக்கே, ஏரிக்காரனுக்கு வரப்பிரசாதம்: ஆழம் குறைஞ்சாலோ வலை குறுக்க வந்தாலோ பின்னாலிருந்து கையாலயே விசிறியைத் தூக்கிடலாம். இந்தக் கரையில அந்தச் சின்ன ஃபைபர் படகுக்கு 'மாருதி'ன்னே ஒரு பேர் உண்டு. 1983 டிசம்பர்ல மாருதி 800 ரோட்டுக்கு வந்துச்சு; ரோட்டுல ஒரு மாருதி, கடல்ல ஒரு மாருதி. ரெண்டுமே அதுவரைக்கும் எஞ்சின் வண்டி வாங்காத வீட்டுக்குள்ள எஞ்சினைக் கொண்டு வந்துச்சு.

ஒருத்தன் வாங்குவான். ஊரே ஒரு பருவம் கரையில நின்னு பார்க்கும். எத்தனை லிட்டர் போச்சு, அலையில எப்படி ஏறுச்சு, எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாங்க, ஓட்டை விழுந்தா ஒட்டுறதுக்கு என்ன ஆச்சு. அப்புறம் அடுத்தவன் வாங்குவான். அமெரிக்காவுல 1958ல ஒரு சட்டம் போட்டு, புதுக் கார் கண்ணாடியில விலை விவரத்தை ஒட்டியே ஆகணும்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல 2014ல குளோபல் என்கேப் அமைப்பு இங்க விக்கிற 5 கார்களோட அடிப்படை மாடலை மோதிப் பார்த்து எல்லாத்துக்கும் பூஜ்ய நட்சத்திரம் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் கழிச்சு, 2023 அக்டோபர்லதான் பாரத் என்கேப் வந்துச்சு. குப்பத்துப் படகுக்கு ஸ்டிக்கரும் இல்ல, நட்சத்திரமும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் படகுதான் சோதனைக் கூடம். மெதுவானது, ஆனா பொய் சொல்லாது.

எஞ்சினோட வந்த புதுக் கணக்கு

எஞ்சின் வந்ததுல லாபம் இல்லையா? இருக்கு. தூரம் போகலாம், சீக்கிரம் திரும்பலாம், மீன் ஐஸுல வைக்கிறதுக்கு முன்னாடி கெடாது. புயல் எச்சரிக்கை வந்தா உசிரோட கரை சேரலாம். தோள்பட்டை தேயாது. வேண்டாம்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

ஆனா அந்தப் பத்தி மாறிடுச்சு. இப்ப வெறுங்கையோட திரும்பினா எண்ணெய்க் காசு போச்சு, ஐஸ் காசு போச்சு. வருமானத்தைப் பங்கு போடுறப்ப முதல்ல எண்ணெய்ச் செலவைக் கழிப்பாங்க. அப்புறம் படகுக்கும் வலைக்கும் பங்கு, மிச்சம்தான் ஆளுங்களுக்கு. செலவே ஏறலைன்னா எல்லாருக்கும் பூஜ்யம், படகுக்காரனுக்கு அதுக்கும் கீழே. அதைச் சமாளிக்க வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குவாங்க. வாங்கினா பிடிச்ச மீனை அவருக்கே, அவர் சொல்ற விலைக்கே போடணும். நம்ம கார் கடன்ல தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு காகிதத்துல இருக்கும். இங்க வட்டி மீன் விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கிலோவுக்குக் குறையுற ரூபாய்தான் வட்டி. கடன் தீர்ற வரைக்கும் படகு தன்னுதுன்னு சொல்லிக்கலாம், மீன் தன்னுதில்ல.

அதனாலதான் கரையில ரெண்டையும் வெச்சிருந்த குடும்பம் உண்டு. பருவத்துல ஃபைபர், மீன் மந்தமான நாள்ல கட்டுமரம். பழசை விட மனசில்லாம வெச்சிருக்காங்கன்னு வெளியாளுக்குத் தோணும். உண்மையில அது கணக்கு.

யாரோ போட்ட கட்டம்

2004 டிசம்பர் 26. சுனாமியில தமிழ்நாட்டுக் கரை முழுக்க படகு, வலை, எஞ்சின், வீடுன்னு எல்லாம் போச்சு. உலகம் முழுக்கலேருந்து பணம் வந்துச்சு. கொடுத்தவங்க மனசுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கொடுக்குறவங்களுக்கு ஒரு கட்டம் தேவைப்பட்டுச்சு: எத்தனை படகு கொடுத்தோம்? போட்டோவுல கட்டுமரத்தைவிட புது ஃபைபர் படகு நல்லா தெரியும். கட்டுமரம் போனவனுக்கும் ஃபைபர், எப்பவும் கூலிக்குப் போனவனுக்கும் ஃபைபர். தேவை திடீர்னு ஏறினதால கரையோரம் புதுசு புதுசா படகுப் பட்டறை முளைச்சுது. எல்லாப் பட்டறையிலயும் ஃபைபர் கனம் சரியா இருந்துச்சா, முழுகாம இருக்க உள்ள அடைக்கிற நுரை இருந்துச்சான்னு பார்க்க ஆள் போதலை. தரமில்லாத படகுகள் வந்துச்சு. தேவைக்கு மேல படகு ஆகுதுன்னு உணவு வேளாண் அமைப்பே அப்ப எச்சரிச்சுது.

நடந்தது என்ன? பல ஊர்ல படகு ஜாஸ்தி, ஏற ஆள் இல்ல. நாலு பேர் போக வேண்டிய படகுக்கு ரெண்டு பேர். நேத்து வரைக்கும் கூலியா இருந்தவன் இன்னைக்கு ஓனர், ஆனா எண்ணெய்க்கு வியாபாரிகிட்ட நிக்கணும். படகு இலவசம்தான், வெறுங்கையோட திரும்புற நாள் இலவசம் இல்லையே! ஒரு பருவம் கரையில நின்னு பார்க்குற அந்தச் சோதனைக் கூடத்தை ரெண்டே மாசத்துல தாண்டிக் குதிச்சாங்க. எல்லாரும் ஒரே நாள்ல வாங்கிட்டா யாரைப் பார்த்து யார் கத்துக்கிறது?

இதோட இன்னொரு பத்தியையும் சேர்க்கணும்: எந்த வேலைக்குச் செஞ்ச வண்டி? 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்கு பழவேற்காட்டுல உல்லாசமா படகுல போனவங்க கவுந்து 22 பேர் இறந்தாங்க. மீன் பிடிக்கிற படகுல வலையும் மீனும் அடியில கிடக்கும், நாலு பேர் நிதானமா நிப்பாங்க. பாரம் கீழே இருக்கிறதால நிலைக்கும். அதே படகுல குடும்பம் குடும்பமா மேல உக்காந்து, ஒரு அலைக்கு எல்லாரும் ஒரு பக்கம் சாஞ்சா அது வேற வண்டி. படகு மாறலை, பாரம் மாறிடுச்சு. நம்ம ரோட்டுல சரக்கு வண்டி பின்னாடி ஆளை ஏத்திக்கிட்டு கல்யாணத்துக்குப் போறோமே, அதுவும் இதே கதைதான்.

கரைமேல ஓடுற வண்டிகள்

கரையிலேருந்து ஊருக்குள்ள மீனைக் கொண்டு போற வரலாறு இன்னும் சுவாரசியம். கூடையைத் தலையில சுமந்து நடந்த பெண்கள்தான் முதல் வண்டி. 1980ல ஓசூர்லேருந்து டி.வி.எஸ் 50 வந்துச்சு. கம்பெனிக்காரங்க ரெண்டு பேர் போகட்டும்னு செஞ்சாங்க. நம்ம மீன்காரங்க பின்னாடி ஐஸ் பெட்டி கட்டி அதை லாரி ஆக்கினாங்க. விலை குறைவு, தெருமுனை மெக்கானிக்கே பிரிச்சு மாட்டிடுவார், மீன் இல்லாத நாள்ல வீட்டு வாசல்ல சும்மா நிக்கும், வட்டி கேட்காது. ரோட்டுல ஓடுற கட்டுமரம்னு சொல்லலாம்.

2005 மே மாசம் டாடா ஏஸ். ரெண்டு சிலிண்டர், 702 சிசி டீசல், 750 கிலோ பாரம், விலை சுமார் ரெண்டேகால் லட்சம். நம்ம ஜனங்க வெச்ச பேரு குட்டி யானை. அதைச் செஞ்ச குழு, வரைபடம் போடுறதுக்கு முன்னாடி மூணு சக்கர சரக்கு ஆட்டோ ஓட்டுறவங்களைத் தேடிப் போய் என்ன வேணும்னு கேட்டாங்க. நாலு சக்கரம் இருந்தா ஊர்ல மரியாதை, பொண்ணு கிடைக்கும்ங்கிற அளவுக்கு பதில் வந்துச்சாம் :-) கேட்டுட்டு செஞ்சதால வண்டி வித்துச்சு. பெரிய லாரி நுழையாத குப்பத்துச் சந்துல நுழையும், பெட்டிக்குப் பெட்டி ஐஸோட ஏத்திக்கும்.

ஆனா இங்கயும் அதே பத்தி. தவணைக்கு எடுத்தவன், மீன் இல்லாத நாள்ல செங்கல் அடிக்கிறான், வீடு மாத்துறவங்களுக்கு ஓட்டுறான். ஓட்ட வேற வேலை இருக்கிற ஊர்ல குட்டி யானை சோறு போடும். மீனை மட்டும் நம்பி எடுத்தவனுக்கு வருஷா வருஷம் வர்ற தடைக்காலமும் முகத்துவாரம் அடைக்கிற கோடையும் சேர்ந்து நெருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரன் பத்தி

கடைசியா ஒண்ணு. நம்ம கட்டத்துல எல்லாமே 'எனக்கு என்ன'ங்கிற கேள்விதான். பெரிய எஸ்.யூ.வி. வாங்கினா பக்கத்துல வர்ற சைக்கிள்காரனுக்கு என்ன ஆகும்னு யாரும் பத்தி போடுறதில்ல.

ஏரிக்கரையில போட்டாங்க. பழவேற்காட்டுல 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. நல்லா மீன் படுற இடத்துல இன்னைக்கு யார் வலை கட்டுறது, நாளைக்கு யார்னு ஊர்க்காரங்க முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. எவ்வளவு பெரிய படகு வெச்சிருந்தாலும் முறை வந்தாத்தான் எறங்கலாம். அதனால ஏரியில பெரிய வண்டிக்குப் பெரிய லாபம் கிடையாது. தேவைக்கு மேல வாங்குற ஆசையை முறையே அடக்கிடும். கடலோர ஊர்கள்ல பஞ்சாயத்துக்கு இன்னொரு பழக்கம்: புது வலை வந்தா, அது மீன் வளத்தைக் கெடுக்குமா, அடுத்தவன் தொழிலைக் கெடுக்குமா, ஊருக்குள்ள பகை மூட்டுமான்னு பார்த்து, வேணாம்னா தடை போடும். மார்டன் பாவிங்க்ங்கிற நெதர்லாந்து ஆய்வாளர் இந்தக் கரையில தங்கிப் பார்த்து, 2001ல ஒரு புத்தகமே எழுதினார். டச்சுக்காரங்க திரும்பவும் வந்து, இந்தத் தடவை கத்துக்கிட்டுப் போனாங்கன்னு வெச்சுக்குங்களேன்.

இந்த முறையில எல்லாருக்கும் இடம் கிடைச்சுதுன்னு சொல்ல முடியாது. படகே இல்லாம, ஏரித் தண்ணியில உக்காந்து தடவித் தடவிக் கையாலயே இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு இந்தக் கட்டத்துல எந்தப் பத்தியும் இல்ல. அவங்களுக்கு வெறுங்கையோட திரும்புற நாள்னா நேரடியா பட்டினி நாள்.

அதோட, வண்டியை எவ்வளவு யோசிச்சு வாங்கினாலும் ரோடு மாறிட்டா? 2001ல எண்ணூர்த் துறைமுகம், பின்னாடியே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதுக்கப்புறம் மணல் ஓட்டம் மாறிடுச்சு, முகத்துவாரம் அடிக்கடி அடைக்குதுன்னு ஊர்க்காரங்க பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க, விரிவாக்கத்தை எதிர்த்துப் போராடுறாங்க. முகத்துவாரத்தைத் திறந்தே வைக்க ரெண்டு பக்கமும் கல் சுவர் போடுற வேலையை அரசாங்கம் 2020கள்ல கையில எடுத்துச்சு. முகத்துவாரம் அடைச்ச ஏரியில புது இறால் குஞ்சு உள்ள வராது, படகு வெளிய போகாது. அப்போ எல்லாப் படகும் ஒரே படகுதான். எது அதிகமா கடன் வாங்கினதுங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

அதனால மக்களே, நீங்க காரோ லாரியோ வாங்கக் கட்டம் போடுறப்ப, மைலேஜுக்குப் பக்கத்துல ஒரு பத்தி சேர்த்துக்குங்க. இந்த வண்டி ஓடாத நாள்ல எனக்கு என்ன செலவு? தவணை, இன்சூரன்ஸ், பார்க்கிங் எல்லாத்தையும் கூட்டி முப்பதால வகுத்தா வந்துடும். அந்தத் தொகையைச் சம்பளம் வராத ஒரு மாசத்துலயும் கட்ட முடிஞ்சா வாங்குங்க, நல்லா ஓட்டுங்க. முடியலைன்னா ஒரு படி சின்னதா பாருங்க. மிச்ச பத்தியெல்லாம் வண்டி ஓடுற நாளுக்கு. இது ஒண்ணுதான் நிக்கிற நாளுக்கு.